இரண்டு யுத்தங்களும் ஒரு ஷில்லிங்கும்

சுவரில் தாத்தாவின் படம் தொங்குகிறது. தொப்பியைச் சுற்றிய நாடாவில் கப்பலின் பெயர். மார்பில் வரிசையாகப் பதக்கங்கள். "தாத்தா சண்டை போட்டாரா?" என்று பேரன் கேட்கிறான். "போட்டார். ஒரு தடவையல்ல, இரண்டு தடவை" என்கிறாள் பாட்டி. பேரன் மகிழ்ந்துபோய் விளையாட ஓடிவிடுகிறான். கதை அங்கேயே முடிந்துவிடுகிறது.

முடியக்கூடாத இடத்தில் முடிந்துவிடுகிறது! அதைச் சொல்லத்தான் நாம் இன்று பேனாவை எடுத்தோம்.

அந்தப் படம் நம் ஊர்ச் சுவரில் தொங்கும் படமல்ல. இங்கிலாந்தின் கடற்படைத் துறைமுகங்களான போர்ட்ஸ்மவுத்திலும் பிளிமவுத்திலும் சாதமிலும், தொழிலாளர் தெருக்களில், வீட்டுக்கு வீடு தொங்கிய படம். "வெள்ளைக்காரத் தாத்தாவின் கதை நமக்கு எதற்கு?" என்று தோழர்கள் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். நம்மை அடக்கி ஆண்ட ஏகாதிபத்தியத்தின் பீரங்கிக்குப் பக்கத்தில் நின்றவர்தானே அவர்? ஆம், நின்றவர்தான். அதை நாம் மறைக்கப் போவதில்லை. ஆனால் அந்தப் பீரங்கியை வாங்கிய பணத்தில் யாருடைய வியர்வை இருந்தது என்பதையும், அந்தப் பீரங்கியைச் சுட்டவனுக்கு அவன் எஜமானர்கள் என்ன கொடுத்தார்கள் என்பதையும் கேட்டுவிட்டுப் பிறகு முடிவுக்கு வருவோம்.

இந்தத் தாத்தாவுக்கு நாம் பெயர் வைக்கவில்லை. 1913-ல் பதினாறு வயதில் கடற்படையில் சேர்ந்த ஒரு பையனை எடுத்துக்கொள்வோம். அப்படிச் சேர்ந்தவர்கள் ஆயிரம் ஆயிரம். எவரை எடுத்தாலும் கதை ஏறக்குறைய இதுவாகத்தான் இருக்கும்.

கப்பல் யார் பணம்?

தாத்தாவின் தொப்பியில் இருந்த பெயர் 'மலேயா'. எச்.எம்.எஸ். மலேயா என்ற அந்தப் போர்க்கப்பல் 1915 மார்ச்சில் கடலில் இறங்கியது. பதினைந்து அங்குல வாயுள்ள பெரும் பீரங்கிகள் எட்டு. கரிக்குப் பதில் எண்ணெயில் ஓடிய புது ரகக் கப்பல். செலவு ஏறக்குறைய 29 லட்சம் பவுன்.

இங்கிலாந்துக் கப்பலுக்கு மலேயா என்று ஏன் பெயர்? பேராக், சிலாங்கூர், நெகிரி செம்பிலான், பகாங் என்ற நான்கு மலாய் நாடுகளின் பெயரால் சக்கரவர்த்திக்குப் பரிசாகக் கொடுக்கப்பட்ட கப்பல் அது. 1912-ல் பரிசு அறிவிக்கப்பட்டது. பரிசு கொடுத்தவர்கள் என்று சரித்திரப் புத்தகம் சுல்தான்களைச் சொல்கிறது. சுல்தான்கள் எந்த வயலில் உழுது அந்தப் பணத்தைச் சேர்த்தார்கள்? அந்த நாடுகளின் கஜானா ஈயத்தாலும் ரப்பராலும் நிறைந்த கஜானா. ஈயச் சுரங்கத்தில் இடுப்பளவு சேற்றில் நின்றவன் சீனத் தொழிலாளி. விடியற்காலை இருட்டில் எழுந்து, கொசுக்கடியில், பால்மரம் பால்மரமாகக் கத்தி பிடித்துச் சென்றவன் தமிழ்த் தொழிலாளி. தஞ்சையிலிருந்தும் திருச்சியிலிருந்தும் சேலத்திலிருந்தும் கங்காணி கூட்டிக்கொண்டு போன நம் பாட்டன்மாரும் பாட்டிமாரும் கோப்பையில் ஏந்திய பால், லண்டன் சந்தையில் பணமாகி, நியூகாசில் கப்பல் கட்டும் துறையில் இரும்பாகி, கடைசியில் பீரங்கியாகி நின்றது.

ஆகவே, தோழர்களே, அந்தக் கப்பலைப் பற்றிக் கேட்க நமக்கும் பாத்தியதை உண்டு.

பதினாறு வயதுச் சிப்பாய்

அந்தக் காலத்தில் ஏழை வீட்டுப் பையனுக்குக் கடற்படை என்றால் மூன்று வேளைச் சோறு. அவ்வளவுதான் கவர்ச்சி. பதினைந்து, பதினாறு வயதில் பிடித்துக்கொண்டு போவார்கள். ஷாட்லி என்ற இடத்தில் இருந்த பயிற்சி நிலையத்தில் 143 அடி உயரக் கம்பம் ஒன்று உண்டு. பையன்கள் அதில் ஏற வேண்டும். தப்பு செய்தால் பிரம்படி. பதினெட்டு வயது வரை செய்த வேலை கணக்கில் சேராது. பதினெட்டிலிருந்து பன்னிரண்டு வருஷம் ஒப்பந்தம். அதற்குமேல் பத்து வருஷம் எழுதிக்கொடுத்தால், ஆக இருபத்திரண்டு வருஷம் முடிந்து பென்ஷன். நம் பையனுக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள்: 1915-ல் பதினெட்டு வயது, 1937-ல் பென்ஷன். வாழ்க்கையையே எழுதி வாங்கிக்கொண்டார்கள்.

1916 மே 31. டென்மார்க்கின் ஜட்லண்ட் கரைக்கு மேற்கே வடகடலில் இங்கிலாந்தின் கப்பற்படையும் ஜெர்மனியின் கப்பற்படையும் எதிரெதிரே வந்தன. இரு தரப்பிலும் சேர்த்து ஏறக்குறைய 250 கப்பல்கள். ஒரு லட்சம் மனிதர்கள். அன்று மலேயா கப்பல் தன் அணியில் கடைசியாகச் சென்றது. பின்தொடர்ந்து வந்த ஜெர்மன் கப்பல்களின் குண்டுகள் கடைசியாகப் போகிறவன்மீதுதானே விழும்? விழுந்தன. ஒரு குண்டு சின்னப் பீரங்கிகள் இருந்த தட்டில் வெடித்தது. அங்கே அடுக்கியிருந்த வெடிமருந்து பற்றிக்கொண்டது. அடைபட்ட இரும்பு அறைக்குள் நெருப்பு. அன்று அந்தக் கப்பலில் மட்டும் அறுபதுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள்.

பிழைத்தவர்கள் நிலை? மலேயாவில் முகம் வெந்துபோன மாலுமி ஒருவர் பல மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்தார். 1917-ல் ஹரால்ட் கில்லீஸ் என்ற டாக்டர் அவர் மார்புத் தோலைக் குழாய்போலச் சுருட்டித் தைத்து, உயிரோட்டம் அறாமல் முகத்துக்குக் கொண்டுபோய்ப் புது முகம் செய்தார். இன்று உலகமெங்கும் போற்றப்படும் முகச் சிகிச்சைக் கலையில் அது ஒரு பெரிய படி. வைத்தியம் வளர்ந்தது, மகிழ்ச்சி. ஆனால் ஒரு தொழிலாளியின் முகம் வெந்துதான் வளர வேண்டியிருந்தது.

அன்று இங்கிலாந்து இழந்த உயிர்கள் 6,094. ஜெர்மனி இழந்தவை 2,551. குவீன் மேரி என்ற ஒரே கப்பலில் 1,266 பேர். இன்வின்சிபிள் என்ற கப்பலில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இருந்தார்கள். தப்பியவர்கள் ஆறு பேர். இரு தரப்புத் தளபதிகளும் வெற்றி தங்களுக்கே என்றார்கள். யாருக்கு வெற்றி என்று புத்தகம் எழுதுகிறவர்கள் வெகுநாள் வாதாடினார்கள். தோற்றவர் யார் என்பதில் மட்டும் சந்தேகம் இருந்ததில்லை. கடலடியில் கிடந்தார்கள்.

செஸ்டர் என்ற கப்பலில் ஜாக் கார்ன்வெல் என்ற பையன். வயது பதினாறு. பீரங்கியைச் சுற்றி நின்றவர்கள் எல்லாரும் விழுந்தபிறகும், மார்பில் இரும்புத் துண்டுகளோடு, உத்தரவுக்காக இடத்தை விட்டு நகராமல் நின்றான். கரைக்கு வந்து இறந்தான். அந்த வீரனை எங்கே புதைத்தார்கள்? ஏழைகளைப் புதைக்கும் பொதுக் குழியில்! பத்திரிகைகள் கூச்சல் போட்டன. இரண்டு மாதம் கழித்துத் தோண்டி எடுத்து, ஊர்வலம் நடத்தி, ராஜமரியாதையோடு இரண்டாம் தடவை புதைத்தார்கள். விக்டோரியா சிலுவைப் பதக்கத்தை அவன் தாயிடம் கொடுத்தார்கள். முதல் அடக்கம் அவன் பிறந்த வர்க்கத்துக்குக் கிடைத்த மரியாதை. இரண்டாவது அடக்கம் யுத்தத்துக்கு ஆள் சேர்க்கத் தேவைப்பட்ட மரியாதை. இப்படித்தான் நாம் அதைப் படிக்கிறோம்.

எதிர்க் கப்பலில் இருந்தவன்

தாத்தா குறி பார்த்த எதிரி யார்? அவனும் ஒரு தொழிலாளி வீட்டுப் பிள்ளை. கரி அள்ளிப் போடுகிறவன். அதிகாரிகள் விருந்து சாப்பிட, அவனுக்குக் கிழங்குக் கஞ்சி. 1917 கோடையில் ஜெர்மன் கப்பல்களில் சோற்றுக்காகவும் சமாதானத்துக்காகவும் குரல் எழுந்தது. அந்தக் குரலுக்காக ஆல்பின் கோபிஸ், மாக்ஸ் ரைக்பீச் என்ற இரண்டு இளைஞர்களை 1917 செப்டம்பர் 5-ல் சுட்டுக் கொன்றார்கள்.

குரல் செத்ததா? ஒரு வருஷம் பொறுங்கள். 1918 அக்டோபர் கடைசி. யுத்தம் தோற்றாகிவிட்டது. சமாதானப் பேச்சு நடக்கிறது. "மானத்தைக் காக்க ஒரு கடைசிச் சண்டை" என்று தளபதிகள் கப்பல்களைக் கிளப்பச் சொன்னார்கள். யார் மானம்? யார் உயிர்? கரி அள்ளுகிறவர்கள் உலையில் இருந்த நெருப்பை இழுத்துப் போட்டு அணைத்தார்கள். கப்பல் எப்படி நகரும்? நவம்பர் தொடக்கத்தில் கீல் துறைமுகத்தில் செங்கொடி ஏறியது. நவம்பர் 9-ல் கெய்சரின் முடி இறங்கியது. 11-ல் பீரங்கிகள் ஓய்ந்தன.

ஜட்லண்டில் ஆறாயிரம் பேர் செத்தும் நிற்காத யுத்தத்தை முடித்துவைத்ததில், கரிமண்வெட்டியைக் கீழே வைத்த அந்தக் கைகளுக்கும் பங்கு உண்டு. தாத்தாவுக்கு அன்று அது புரிந்ததோ இல்லையோ, பதின்மூன்று வருஷம் கழித்து நன்றாகவே புரிந்தது.

சுல்தானுக்குக் கப்பல், மாலுமிக்குக் கத்தரிக்கோல்

யுத்தம் முடிந்தது. 1919-ல் மாலுமிகளுக்குச் சம்பளம் உயர்ந்தது. தேர்ந்த மாலுமிக்கு நாளுக்கு நான்கு ஷில்லிங். ஒரு பவுனுக்கு இருபது ஷில்லிங் என்பது பழைய கணக்கு. நாலு வருஷம் கடலில் உயிரைப் பணயம் வைத்தவன் கண்ட பலன் அது. 1925-ல் புதிதாகச் சேருகிறவர்களுக்கு மட்டும் மூன்று ஷில்லிங் என்று குறைத்தார்கள். பழைய ஆட்களின் நான்கு ஷில்லிங்கைத் தொடமாட்டோம் என்று உறுதி சொன்னார்கள். தாத்தா அந்தச் சொல்லை நம்பிக் கல்யாணம் செய்துகொண்டார்; வீடு வாடகைக்கு எடுத்தார்; தவணைக்கு மேஜை நாற்காலி வாங்கினார்.

இடையில் ஒரு வேடிக்கை. 1922 நவம்பர் 17-ல், துருக்கி மக்கள் தூக்கியெறிந்த கடைசி சுல்தான் ஆறாம் மெஹ்மதை ஏற்றிக்கொண்டு மால்டாத் தீவுக்குப் போன கப்பல் எது தெரியுமா? நம் மலேயாதான்! பட்டம் இழந்த ராஜாவுக்குப் போக ஒரு கப்பல் இருந்தது. கூலி இழக்கும் மாலுமிக்கு?

1931. உலக மந்தம். லண்டன் பாங்கிகள் ஆட்டம் கண்டன. தொழிற்கட்சி மந்திரிசபை கவிழ்ந்து, ராம்சே மக்டொனால்டின் தலைமையில் தேசிய சர்க்கார் என்ற பெயரில் ஒரு கூட்டு ஏற்பட்டது. பாங்கிகளைக் காக்கப் பணம் வேண்டும். எங்கே வெட்டுவது? வேலையில்லாதவன் வாங்கிய உதவித் தொகையில் வெட்டு. பள்ளிக்கூட வாத்தியார் சம்பளத்தில் வெட்டு. கப்பற்படையில் நாளுக்கு ஒரு ஷில்லிங் வெட்டு.

ஒரு ஷில்லிங்தானே என்று மேலே இருந்தவர்கள் நினைத்தார்கள். நாலில் ஒன்று என்றால் நூற்றுக்கு இருபத்தைந்து! அட்மிரல்மார் சம்பளத்தில் விழுந்த வெட்டு இதற்குப் பக்கத்தில்கூட வரவில்லை. அதிலும் அநியாயம் என்னவென்றால், வெட்டு புதிய ஆட்களைத் தொடவில்லை. அவர்கள் ஏற்கெனவே மூன்று ஷில்லிங்காரர்கள். அடி விழுந்தது பழையவர்கள்மீது. ஜட்லண்டில் நின்றவர்கள்மீது. பெண்டு பிள்ளைக்காரர்கள்மீது. "தொடமாட்டோம்" என்ற உறுதி காற்றில் போயிற்று.

செய்தி எப்படித் தெரிந்தது? மேலதிகாரி கூப்பிட்டுச் சொன்னாரா? இல்லை. ஸ்காட்லாந்தின் வடக்கே இன்வர்கார்டன் என்ற துறையில் நங்கூரம் போட்டிருந்த கப்பல்களுக்குப் பத்திரிகையும் வானொலியும் வழியாகச் செய்தி வந்தது. தாத்தா கரையிறங்கினார். சாப்பாட்டு விடுதியில் மேஜைமேல் ஏறி ஒருவர் பேசினார். பிறகு இன்னொருவர். கால்பந்து மைதானத்தில் கூடினார்கள். தலைவர் இல்லை, சங்கம் இல்லை, கடற்படையில் சங்கம் வைக்க அனுமதியும் இல்லை. இருந்தது ஒரே பேச்சு: "செவ்வாய்க்கிழமை காலையில் கப்பல் கிளம்பாது."

1931 செப்டம்பர் 15, செவ்வாய்க்கிழமை. வேலியன்ட் என்ற கப்பல் பயிற்சிக்குக் கிளம்ப வேண்டிய நேரம். ஜட்லண்டில் மலேயாவோடு ஒரே அணியில் போன கப்பல் அது. நங்கூரம் தூக்க ஆள் வரவில்லை. முன் தட்டில் கூடி நின்றார்கள். ஒரு கப்பலிலிருந்து ஆரவாரம். பதில் ஆரவாரம் அடுத்த கப்பலிலிருந்து. அதற்கடுத்து ராட்னி, நெல்சன், ஹூட். வேலைநிறுத்தச் செய்தி ஆரவாரமாகவே கப்பலுக்குக் கப்பல் போயிற்று. ஓர் அதிகாரிமீது கை படவில்லை. ஒரு துப்பாக்கி எடுக்கப்படவில்லை. அன்றாடக் காரியங்கள் நடந்தன. கப்பல் மட்டும் நகரவில்லை. ஏறக்குறைய பன்னிரண்டாயிரம் மாலுமிகள்!

இரண்டே நாள். உலகத்தின் பணச் சந்தைகள் நடுங்கின. "இங்கிலாந்தின் கப்பற்படையே அசையவில்லையா?" என்று அந்நிய முதலாளிகள் தங்கள் பணத்தை அள்ளிக்கொண்டு ஓடினார்கள். வெட்டு எவருக்கும் நூற்றுக்குப் பத்துக்கு மேல் போகாது என்று சர்க்கார் இறங்கி வந்தது. செப்டம்பர் 21-ல் பவுனுக்கும் தங்கத்துக்கும் இருந்த பிணைப்பையே இங்கிலாந்து கைவிட்டது. எந்தத் தங்கப் பவுனைக் காப்பதற்காக மாலுமியின் ஷில்லிங்கைப் பறித்தார்களோ, அந்தப் பவுன் ஷில்லிங்கோடு சேர்ந்தே இறங்கியது!

பிறகு என்ன? பழிவாங்க மாட்டோம் என்றார்கள். கொஞ்ச நாளில் முன்னின்றவர்களைப் பொறுக்கி எடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். அட்லாண்டிக் கப்பற்படை என்ற பெயரையே 1932-ல் மாற்றிவிட்டார்கள். பெயரை மாற்றினால் நடந்தது நடக்காததாகிவிடுமா?

மீண்டும் வந்த அழைப்பு

1937-ல் தாத்தா பென்ஷன் வாங்கினார். நாற்பது வயது. தோட்டத்தில் உருளைக்கிழங்கு போட்டார். 1939-ல் மறுபடி கடிதம் வந்தது: "புறப்படு." பென்ஷன்காரர்களையெல்லாம் திரும்பக் கூப்பிட்டார்கள். ஷில்லிங்கை வெட்டிய கைதான் "தேசம் அழைக்கிறது" என்று எழுதியது. தாத்தா போனார். ஹிட்லரின் பாசிசம் வென்றால் ஐரோப்பாவில் ஒரு தொழிற்சங்கமும் மிஞ்சாது என்பது அவருக்குத் தெரியும். எஜமானனுக்காகப் போகவில்லை, அப்படி எண்ணிப் போனவர்கள் எத்தனையோ பேர்.

பழைய கப்பல்களும் பழைய ஆட்களும் மறுபடி சேர்ந்தார்கள். 1939 அக்டோபர் 14 இரவு, ஜட்லண்டில் சண்டையிட்ட ராயல் ஓக் என்ற கப்பல், பத்திரமான இடம் என்று நம்பிய ஸ்காபா துறைக்குள்ளேயே ஜெர்மன் நீர்மூழ்கியின் குண்டுக்கு இரையாயிற்று. எண்ணூறுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அவர்களில் 134 பேர் பதினெட்டு வயது நிரம்பாத பையன்கள்! 1913-ல் எப்படிப் பிடித்தார்களோ அப்படியே 1939-லும் பிடித்திருந்தார்கள். இன்வர்கார்டனில் ஆரவாரித்த ஹூட், 1941 மே 24-ல் வெடித்து மூழ்கியது. இருந்தவர்கள் 1,418, தப்பியவர்கள் மூவர். மூன்றாம் நாள், ஹூடை அழித்த பிஸ்மார்க்கை ஒழித்த கப்பல்களில் ஒன்று ராட்னி. 1931-ல் "தேசத்துரோகிகள்" என்று தூற்றப்பட்ட கப்பல்கள்தான் இவை! கூலிக்காக நிற்கத் தெரிந்தவனுக்குத்தான் கொள்கைக்காகச் சாகவும் தெரிந்தது.

மலேயாவும் கிழட்டு எந்திரத்தோடு அட்லாண்டிக்கில் சரக்குக் கப்பல்களுக்குக் காவல் போயிற்று. 1941 மார்ச்சில் ஜெர்மனியின் புதிய போர்க்கப்பல்கள் இரண்டு அந்தக் கூட்டத்தைத் தாக்க வந்து, மலேயாவின் பதினைந்து அங்குலப் பீரங்கிகளைக் கண்டதும் ஒதுங்கிப் போயின. அதே மாதம் 20-ல் நீர்மூழ்கியின் குண்டு பட்டு, அடிபட்ட உடம்போடு நியூயார்க் போய்ச் சேர்ந்தது. 1948-ல் உடைத்துப் பழைய இரும்பாக்கினார்கள்.

மலேயா என்ற கப்பலின் கதை அது. மலேயா என்ற நாட்டின் கதை? 1941 டிசம்பர் 8-ல் ஜப்பானியர் கோத்தாபாருவில் இறங்கினார்கள். காக்கப் போன ரிபல்ஸ், பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் இரண்டும் 10-ல் கடலுக்குள் போயின. 1942 பிப்ரவரி 15-ல் சிங்கப்பூர் விழுந்தது. கப்பலுக்குப் பணம் தந்த நாடு பறிபோனபோது, அந்த நாட்டின் பெயரைச் சுமந்த கப்பல் அங்கே இல்லை. துரைமார் கப்பலேறினார்கள். தோட்டத்துத் தமிழன் எங்கே ஏறுவான்? லாரியில் ஏற்றினார்கள். சயாம் காட்டில் 415 கிலோமீட்டர் ரயில் பாதை போட ஓட்டிப் போனார்கள். வாந்திபேதியிலும் மலேரியாவிலும் பட்டினியிலும் பல்லாயிரக்கணக்கான தமிழர்கள் தண்டவாளத்தின் ஓரத்திலேயே மடிந்தார்கள். வெள்ளைச் சிப்பாய்க்கு அங்கே வரிசையாகக் கல்லறை உண்டு. நம் பாட்டனுக்குக் காடுதான் கல்லறை.

கறுப்பு மாலுமியின் கணக்கு

அதே கடலில் நம்மவர்களும் இருந்தார்கள். இங்கிலாந்தின் வணிகக் கப்பல்களில் கரி தள்ளவும், எண்ணெய் போடவும், தட்டைக் கழுவவும் இந்திய மாலுமிகள் அரை லட்சம் பேர் இருந்தார்கள். 'லஸ்கர்' என்று அழைத்தார்கள். பெரும்பாலோர் வங்காளத்து சில்ஹட்டிலிருந்தும் மேற்குக் கரையிலிருந்தும் போனவர்கள். அதே கப்பல், அதே குண்டு, அதே குளிர். கூலி மட்டும் வெள்ளை மாலுமியின் கூலியில் ஒரு சிறு பங்கு. 1939-ல் யுத்தம் தொடங்கியதுமே "கூலியை உயர்த்து, பிறகு கப்பல் கிளம்பும்" என்று இங்கிலாந்துத் துறைமுகங்களிலேயே நின்றார்கள். சிறையில் போட்டார்கள். பிறகு கூலியும் உயர்த்தினார்கள். இரண்டாம் யுத்தத்தில் உயிர் விட்ட இந்திய வணிகக் கப்பல் மாலுமிகள் ஆறாயிரத்துக்கும் மேல்.

இன்னொன்று கேளுங்கள். கப்பல் மூழ்கினால் மாலுமியின் சம்பளம் அன்றோடு நின்றுவிடும்! வெள்ளை மாலுமிக்கும் அப்படித்தான். உயிர்காக்கும் படகில் பசியோடு அலைகிற நாட்களுக்குக் கூலி கிடையாது. கப்பல் இல்லை, ஆகவே வேலை இல்லை! 1941 மே மாதம்வரை வணிகக் கப்பல்களில் இருந்த சட்டம் இது. தோலின் நிறம் எதுவாக இருந்தாலும், முதலாளியின் கணக்குப் புத்தகத்தில் இருந்த நிறம் ஒன்றே.

இன்வர்கார்டனில் எழுந்த ஆரவாரம் பதினைந்து வருஷம் கழித்து பம்பாயில் கேட்டது. 1946 பிப்ரவரி 18-ல் 'தல்வார்' நிலையத்தின் இந்திய மாலுமிகள், கெட்டுப்போன சோற்றையும் இனவெறி வசவையும் பொறுக்கமாட்டோம் என்று நின்றார்கள். 78 கப்பல்கள், 20 கரை நிலையங்கள், இருபதாயிரம் மாலுமிகள். கராச்சி, கல்கத்தா, சென்னை என்று பரவியது. பம்பாய்த் தொழிலாளிகள் ஆலைகளை நிறுத்திவிட்டு அவர்களோடு தெருவில் இறங்கினார்கள். இருநூறுக்கும் மேற்பட்டோர் குண்டடி பட்டு மாண்டார்கள். யுத்தத்தில் வென்ற சாம்ராஜ்யம் தன் கப்பலில் ஏற்றிய சிப்பாயையே இனி நம்ப முடியாது என்று கண்டது. அடுத்த வருஷம் மூட்டை கட்டியது. ஆயினும் அந்த மாலுமிகளில் நூற்றுக்கணக்கானோருக்கு வேலை போனது போனதுதான்.

பெயரில்லாத பதக்கம்

சுவரில் தொங்கும் படத்துக்குத் திரும்புவோம். தாத்தாவின் முதல் யுத்தப் பதக்கங்களை எடுத்துப் பாருங்கள். விளிம்பில் அவர் பெயரும் எண்ணும் பொறித்திருக்கும். இரண்டாம் யுத்தத்தில் இங்கிலாந்து சர்க்கார் தன் வீரர்களுக்குக் கொடுத்த யுத்த நட்சத்திரங்களில் அதுவும் இல்லை. பெயர் பொறிக்காமலே பெட்டியில் போட்டுத் தபாலில் அனுப்பினார்கள். எந்தப் பதக்கம் எந்தத் தாத்தாவுடையது என்று பதக்கத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது!

வடதுருவக் கடலில், பனிக்கட்டிக்கு நடுவே, சோவியத் துறைமுகங்களுக்குத் தளவாடம் கொண்டு போன கப்பல்களில் 1941 முதல் 1945 வரை ஏறக்குறைய மூவாயிரம் பேர் மாண்டார்கள். பாசிசத்தின் முதுகெலும்பை உடைத்த செஞ்சேனைக்கு டாங்கிகளும் விமானங்களும் போன பாதைகளில் ஒன்று அது. அந்தப் பயணத்துக்கென்று தனிப் பதக்கம் எப்போது கொடுத்தார்கள்? 2013-ல்! ஏறக்குறைய எழுபது வருஷம் கழித்து. உயிரோடு இருந்தவர்கள் தொண்ணூறு வயதுக் கிழவர்கள். மற்றவர்களுக்காகப் பேரன்கள் மனுப்போட்டு வாங்கினார்கள். தாத்தாவின் கூலியைக் குறைக்க ஒரு வாரம் போதுமானதாக இருந்தது. தாத்தாவைப் பாராட்ட எழுபது வருஷம் போதவில்லை.

போர்ட்ஸ்மவுத் கடற்கரையில் ஒரு நினைவுத் தூண். இரண்டு யுத்தங்களிலும் கடலில் மாண்டு, கல்லறை இல்லாமற்போன 24,000-க்கும் மேற்பட்டோர் பெயர்களை அங்கே பொறித்திருக்கிறார்கள். கல்கத்தாவில், 1924-ல் எழுப்பிய நினைவுச் சின்னம் ஒன்று, முதல் யுத்தத்தில் மாண்ட வங்காள, அஸ்ஸாம் மாலுமிகள் 896 பேரை நினைவூட்டுகிறது. நல்ல காரியம். கல்லை நாம் குறை சொல்லவில்லை. ஆனால் கல்லில் சாவைப் பொறிக்கிறார்கள், கூலியைப் பொறிப்பதில்லை. எப்படிச் செத்தான் என்று எழுதுகிறார்கள்; எப்படி வாழவிட்டோம் என்று எழுதுவதில்லை. ஜட்லண்டுக்குத் தூண் உண்டு. இன்வர்கார்டனின் அந்த இரண்டு நாட்களை எந்தப் பதக்கத்தில் தேடுவது?

அதனால்தான் சொல்கிறோம். தாத்தாவின் கதையைப் பேரனுக்குச் சொல்லும்போது முழுதாகச் சொல்லுங்கள். பீரங்கி முழங்கியதை மட்டும் சொல்லாதீர்கள். நான்கு ஷில்லிங் மூன்றானதையும் சொல்லுங்கள். அலை எழுந்ததை மட்டும் சொல்லாதீர்கள். ஆரவாரம் எழுந்ததையும் சொல்லுங்கள். தாத்தா இரண்டு யுத்தத்தில் சண்டை போட்டார் என்பது பாதிக் கதை. இரண்டு யுத்தங்களுக்கும் நடுவே அவர் போட்ட ஒரு சண்டை உண்டு. துப்பாக்கி எடுக்காமல், ஒருவரையும் கொல்லாமல், தன் வீட்டு அடுப்புக்காகக் கையைக் கட்டிக்கொண்டு நின்றாரே, அந்தச் சண்டை. அதில்தான் அவர் தம் சொந்தத்துக்காக நின்றார், அதில்தான் வென்றார்.

நம் வீடுகளிலும் தாத்தாக்கள் உண்டு. பட்டாளத்துக்குப் போனவர், கப்பலுக்குப் போனவர், பால்மரக் காட்டுக்குப் போய்த் திரும்பாதவர். சுவரில் படம் இல்லாவிட்டால் போகட்டும். பாட்டி உயிரோடு இருந்தால் இன்றைக்கே போய் உட்கார்ந்து கேளுங்கள்: எங்கே போனார்? யாருக்காகப் போனார்? மாதம் எவ்வளவு மணியார்டர் வந்தது? எந்த மாதம் நின்றது?

அந்தக் கடைசிக் கேள்வியைக் கேட்காமல் எழுந்துவிடாதீர்கள்.